ஒன்பது அடித்து லைன் எடுத்தவர்களுக்காக: ஐ.பி. தொலைபேசியில் கோலுக்கு வழி போடுவது எப்படி

கொழும்பு புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்குப் புதிய ஐ.பி. தொலைபேசி அமைப்பு, அதாவது கணினி வலையில் ஓடும் போன்கள், போட்டுக்கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அங்குள்ள கணக்காளர் ஐயாவிடமிருந்து கோல். "தம்பி, உங்கட புதுப் போன் வேலை செய்யுதில்லை. வந்து பாருங்கோ." ஓடிப்போய்ப் பார்த்தால் போனில் ஒரு குறையும் இல்லை. ஐயா முப்பது வருடப் பழக்கத்தில் முதலில் 9 அடிக்கிறார். லைன் சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்க்கிறார். பிறகு ஏழு இலக்கத்தை அடிக்கிறார். நான் எழுதிவைத்த அமைப்புக்கோ 0-வில் தொடங்கும் பத்து இலக்கம் மட்டும்தான் தெரியும். பிழை ஐயாவுடையது அல்ல.

அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, இங்கே யார் யார் எப்படியெல்லாம் நம்பர் அடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவிடுகிறேன். கோல் ரூட்டிங், அதாவது கோலுக்கு வழி போடும் வேலையில் பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே முடிந்துவிடும். மிச்சம் தட்டச்சு.

பத்துப் பதினைந்து போன் உள்ள ஓர் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பாவிப்பது ஆஸ்டெரிஸ்க்; ஒரு கணினியை அலுவலகத்தின் தொலைபேசிச் சேர்வராக்கும் மென்பொருள். அதன் மேல், பிரவுசரில் அமைப்புகளைச் செய்ய ஃப்ரீபிபிஎக்ஸ். இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வேறு மென்பொருள் வைத்திருந்தால் மெனுவின் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

மூன்று சொற்கள் மட்டும் முதலில்

உள்ளே இருக்கும் ஒவ்வொரு போனும் ஓர் எக்ஸ்டென்ஷன். வெளியுலகத்துக்குப் போகும் இணைப்பு ட்ரங்க்; தொலைபேசி நிறுவனம் இணையம் வழியே தரும் சிப் (SIP, இணையத்தில் கோல் எடுக்கும் முறை) கணக்காகவும் இருக்கலாம், சாதாரண லைனைச் சேர்வரோடு இணைக்கும் எஃப்.எக்ஸ்.ஓ. பெட்டி ஒன்றில் கொண்டுவந்து செருகிய பழைய செப்புக் கம்பி லைனாகவும் இருக்கலாம். இந்த மாதிரி நம்பர் அடித்தால் இந்த ட்ரங்கால் போ என்று சொல்லும் விதிதான் ரூட்.

அலுவலகத்துக்குள் இருந்த பழைய எக்ஸ்சேஞ்சான பி.ஏ.பி.எக்ஸில் 9 அடித்தால் லைன் ஒன்றைப் பிடித்துத் தரும், மிச்ச இலக்கங்கள் நேரே எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஐ.பி. போன் அப்படியல்ல. முழு நம்பரையும் தன்னிடம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் சேர்வருக்கு அனுப்பும். சேர்வர் அந்த நம்பரைத் தன்னிடமுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் போகும், பொருந்தாவிட்டால் கோல் வெளியே போகாது. ஐயாவுக்கு நடந்தது அதுதான்.

படி 1: தாள்

கொழும்பு அலுவலகம் ஒன்றில் நான் வழக்கமாக எழுதிக்கொள்வது இவ்வளவு:

உள்ளே பேச மூன்று இலக்கம்.
அவசரத்துக்கு 119 பொலிஸ், 110 தீயணைப்பும் அம்புலன்சும், 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ்.
1919 போன்ற நாலு இலக்கத் தகவல் நம்பர்கள்.
கொழும்புக்குள் பேச வெறும் ஏழு இலக்கம். வயதானவர்கள் எல்லோரும் இப்படித்தான்.
0-வில் தொடங்கும் பத்து இலக்கம். 011 கொழும்பு, 021 யாழ்ப்பாணம், 065 மட்டக்களப்பு, 081 கண்டி என்று ஊர் நம்பரும் 07 என்று தொடங்கும் கைத்தொலைபேசியும் இதில் அடங்கும்.
கோல் லிஸ்டிலிருந்து திருப்பி எடுக்கும்போது வரும் +94, 0094, அல்லது வெறும் 94.
வெளிநாட்டுக்கு 00.
மேலே உள்ளதில் எதற்கும் முன்னால் ஒரு 9.

வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடமும் சாமான் ஏற்றி இறக்கும் இடத்தில் போன் எடுப்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாளி சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் இரண்டாம் நாள் ஓடவேண்டி வரும். அவர் கைத்தொலைபேசியில்தான் பேசுவார், மேசைப் போன் அலங்காரத்துக்கு.

படி 2: எக்ஸ்டென்ஷன் நம்பர்

1-இல் தொடங்காதீர்கள். 101, 102 என்று ஆரம்பித்து ஆட்கள் சேரச்சேர ஒருநாள் களஞ்சியத்துக்கு 110 கொடுத்துவிடுவீர்கள். அன்றைக்குத் தீப்பிடித்தால் மணி அடிப்பது தீயணைப்புப் படையில் அல்ல, பின்பக்கக் களஞ்சியத்தில்.

நான் 201-இல் தொடங்குவேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பின் ஏழு இலக்க நம்பர்கள் பல 2-இல் தொடங்குகின்றன. மூன்று இலக்கம் வந்தவுடன் அனுப்பிவிடு என்று போனில் அமைத்திருந்தால், ஒருவர் வெளி நம்பரின் முதல் மூன்று இலக்கத்தை அடிக்கும்போதே கோல் பக்கத்து மேசைக்குப் போய்விடும். போனின் டயல் பிளானில் (எத்தனை இலக்கம் வந்ததும் அனுப்புவது என்று சொல்லும் இடம்) காத்திருக்கும் நேரத்தை மூன்று அல்லது நாலு விநாடி வைத்துவிடுங்கள். அவசரப்படுபவர்களுக்கு, நம்பரை அடித்து முடித்து # அமர்த்தினால் உடனே போகும் என்று சொல்லிக்கொடுங்கள்.

படி 3: ட்ரங்க்

தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியவை: சேர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட், ஒரே நேரத்தில் எத்தனை கோல், எந்தக் கொடெக் (குரலை இணையத்தில் அனுப்பும் வடிவுக்கு மாற்றும் முறை), நம்பரை எந்த வடிவில் அனுப்பவேண்டும், 119 மாதிரிக் குறு நம்பர்கள் இந்த ட்ரங்கால் போகுமா. கடைசி இரண்டையும் பலர் கேட்பதில்லை. பிறகு தலையைச் சொறிவார்கள்.

இணைய வேகத்துக்குக் கணக்கு எளிது. ஜி.711 கொடெக்கில் குரலுக்கு 64 கிலோபிட். குரலைத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும் பொதிகளின் உறைகளையும் சேர்த்தால் ஒரு கோலுக்கு ஒரு பக்கம் 90 கிலோபிட்டுக்குக் கிட்ட வரும். 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோலுக்குப் போக 1 மெகாபிட், வர 1 மெகாபிட். ஃபைபர் இருக்கும் அலுவலகத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று வந்து பொதிகளைக் குழப்பிவிடும் வேலை அது. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது என்ற முறைப்பாட்டுக்கு நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

படி 4: வெளியே போகும் வழி

இங்கேதான் நிதானமாக இருக்கவேண்டும்.

ஆஸ்டெரிஸ்கில் மாதிரி எழுத மூன்று எழுத்துகள் உண்டு. எக்ஸ் (X) என்றால் 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கம். இசட் (Z) என்றால் 1 முதல் 9 வரை. என் (N) என்றால் 2 முதல் 9 வரை. இவற்றோடு ஒரு புள்ளி. அதற்குப் பொருள், இதற்குப் பிறகு ஓர் இலக்கமாவது வரவேண்டும், எத்தனை வந்தாலும் சரி. அந்தப் புள்ளியைக் கண்டால் எனக்குப் பயம். சோம்பேறித்தனத்துக்கு அதைவிட நல்ல நண்பன் இல்லை.

உதாரணம் பாருங்கள். உள்நாட்டுக் கோலுக்கு 0 போட்டுப் புள்ளி வைத்தால் 011-ம் போகும், 077-ம் போகும், நல்லது. ஆனால் 00-வில் தொடங்கும் லண்டன் நம்பரும் அதே வாசலால் போய்விடும். வெளிநாட்டுக் கோலுக்கென்று நீங்கள் தனியாகப் போட்ட பூட்டை அது எட்டியும் பார்க்காது. ஆகவே 0, அப்புறம் ஓர் இசட், அப்புறம் எட்டு எக்ஸ். மொத்தம் பத்து இலக்கம், இரண்டாவது இலக்கம் 0 ஆகாது. அவ்வளவுதான் உள்நாடு.

இனி 9. கணக்காளர் ஐயாவுக்காக 9 போட்டுப் புள்ளி வைத்து, 9-ஐக் கழற்றிவிட்டு மிச்சத்தை அனுப்பு என்று எழுதினேன். ஐயாவுக்கு மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து வரவேற்பில் இருந்த பிள்ளை சொன்னாள், தவறிய கோலைத் திருப்பி எடுத்தால் பிழையான நம்பர் என்கிறது என்று. கோல் லிஸ்டில் நம்பர் 9411 என்று தொடங்கியிருந்தது. என் விதி முன்னால் இருந்த 9-ஐக் கழற்றி 411 என்று அனுப்பிக்கொண்டிருந்தது. நாட்டுக் குறியீடு 94 ஆக இருக்கும் ஊரில் 9-ஐ லைன் எடுக்கும் இலக்கமாக வைத்தால் இப்படி ஒருநாள் முட்டுப்படத்தான் செய்யும். வழி என்னவென்றால் நீளத்தைப் பார்ப்பது. 90 என்று தொடங்கி, மூன்றாவது இலக்கம் 0 ஆகாமல், மொத்தம் பதினொரு இலக்கம் வந்தால் முதல் 9-ஐக் கழற்று. 94 என்று தொடங்கிப் பதினொரு இலக்கம் வந்தால் 94-ஐக் கழற்றி 0 போடு. 9-க்குப் பின் ஏழே இலக்கம் வந்தால் 9-ஐக் கழற்றி 011 போடு. புள்ளி வைக்காமல் இலக்கத்தை எண்ணி எழுதினால் மூன்றும் ஒன்றையொன்று தொடாது.

ஃப்ரீபிபிஎக்ஸில் ஒவ்வொரு மாதிரிக்கும் நாலு பெட்டி இருக்கும்: முன்னால் சேர்க்கவேண்டியது, முன்னால் கழற்றவேண்டியது, மிச்சம் பொருந்தவேண்டிய மாதிரி, யார் அடிக்கிறார் என்பது. வெறும் ஏழு இலக்கத்துக்கு முதல் பெட்டியில் 011, மூன்றாவது பெட்டியில் ஓர் என் (N), ஆறு எக்ஸ். 0094-க்கும் +94-க்கும் இரண்டாவது பெட்டியில் அந்தக் குறியீடு, முதல் பெட்டியில் 0.

கவனித்திருப்பீர்கள், எப்படி அடித்தாலும் கடைசியில் 0-வில் தொடங்கும் பத்து இலக்கமாக்கிவிடுகிறேன். சேர்வருக்குள் ஒரே ஒரு வடிவம். நிறுவனம் 94 வேண்டும் என்று கேட்டால் அந்த மாற்றத்தை ட்ரங்கின் நம்பர் விதியில் செய்யுங்கள், ரூட்டில் வேண்டாம். நாளைக்கு நிறுவனத்தை மாற்றினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

அடுத்தது வரிசை. ஃப்ரீபிபிஎக்ஸ் ரூட்டுகளை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் பொருந்துவது வெல்லும். என் வரிசை: அவசரம், குறு நம்பர், உள்நாடு, கடைசியில் வெளிநாடு. ஒரே ரூட்டுக்குள் எழுதும் மாதிரிகளுக்கு இந்த மேல் கீழ் இல்லை. அங்கே எது அதிகம் குறிப்பாக இருக்கிறதோ அதைத்தான் ஆஸ்டெரிஸ்க் எடுக்கும், நீங்கள் எந்த வரிசையில் எழுதியிருந்தாலும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒரு முழுப் பின்னேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

அவசர ரூட்டில் 110, 119, 1990 மூன்றையும் அப்படியே எழுதுங்கள். 9110, 9119, 91990 என்றும் எழுதி 9-ஐக் கழற்றுங்கள். பதற்றத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும். கண்டியில் ஒரு கிளை இருந்து, அங்குள்ள போன்களும் கொழும்புச் சேர்வரில் தொங்கினால், கண்டியில் அடிக்கும் 110 கொழும்பு லைனால் வெளியே வரும். அது எந்தத் தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாலாவது பெட்டி, யார் அடிக்கிறார் என்பது, இதற்குத்தான் உதவும். கண்டி எக்ஸ்டென்ஷன்கள் 3-இல் தொடங்கினால், அவர்களுடைய அவசரக் கோல் கண்டியிலேயே உள்ள லைன் ஒன்றால் போகும்படி தனி ரூட் போடுங்கள்.

படி 5: ஒரு வழி அடைத்தால்

ஒவ்வொரு ரூட்டுக்கும் இரண்டு ட்ரங்க் கொடுக்கலாம். முதலாவது வேலை செய்யாவிட்டால் கோல் தானாக இரண்டாவதற்குத் தாவும். மறுமுனையில் ஆள் வேறு கோலில் இருந்தால் வழக்கமாகத் தாவாது, அது சரியான நடத்தைதான். ஆனால் இரண்டு ட்ரங்கும் ஒரே ஃபைபரில் வந்தால் என்ன பயன்? வீதியில் யாரோ வெட்டினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று ஃபைபரில், மற்றது 4ஜி ரவுட்டரிலோ பழைய செப்புக் கம்பியிலோ இருக்கட்டும்.

செப்புக் கம்பியை எஃப்.எக்ஸ்.ஓ. பெட்டியில் செருகும்போது ஒன்றைச் சோதியுங்கள். மறுமுனையில் இருப்பவர் போனை வைத்தால் பெட்டிக்கு அது தெரிகிறதா? தெரியாவிட்டால் யாரும் பேசாமலே லைன் பிடிபட்டுக் கிடக்கும்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சேர்வருக்கு யு.பி.எஸ். வைப்பார்கள், போனுக்கு மின்சாரம் தரும் சுவிட்சையும், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியையும் விட்டுவிடுவார்கள்.

படி 6: உள்ளே வரும் கோல்

நிறுவனம் உங்கள் நம்பரை 011 என்று தொடங்கி அனுப்பலாம், 9411 என்று அனுப்பலாம், வெறும் 11 என்றும் அனுப்பலாம். நீங்கள் எழுதியது வேறு, வந்தது வேறு என்றால், வெளியிலிருந்து அழைப்பவருக்கு இந்த நம்பர் சேவையில் இல்லை என்று ஓர் ஆங்கிலக் குரல் சொல்லும். முதலில் எந்த நம்பர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஒரு ரூட்டைத் தற்காலிகமாகப் போட்டு, கைத்தொலைபேசியிலிருந்து அழைத்து, சேர்வர் எழுதிவைக்கும் லொக்கில் என்ன வடிவில் வருகிறது என்று பாருங்கள். அதை அப்படியே எழுதியபின் தற்காலிக ரூட்டை அழியுங்கள்.

பிறகு நேரம். சேர்வரின் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா பாருங்கள், உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் விட்டால் ஐந்தரை மணிநேரம் பிந்தி, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கடை திறந்தது என்று நினைத்துக்கொள்ளும். திங்கள் முதல் வெள்ளி, சனி அரை நாள் என்றெல்லாம் நேர விதி எழுதுவது சுலபம். போயாதான் தலைவலி. ஒவ்வொரு பூரணையும் விடுமுறை, அது எந்தக் கிழமையிலும் விழும். வருடத் தொடக்கத்தில் நாட்காட்டியைப் பார்த்து எல்லாப் போயாவையும், ஏப்ரல் புத்தாண்டையும், தைப்பொங்கலையும், தீபாவளியையும் விடுமுறைப் பட்டியலில் கையால் ஏற்றிவிடுவேன். அரை மணிநேர வேலை.

கொழும்பில் வரவேற்புக் குரல் என்றால் மூன்று மொழி. சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3. மூன்றையும் சேர்த்துப் பதினைந்து விநாடிக்குள் முடியுங்கள். எதையும் அமர்த்தாமல் காத்திருப்பவர்கள் நிறைய. அவர்களைத் துண்டிக்காமல் வரவேற்புப் போனுக்கு அனுப்புங்கள். ஒலிப்பதிவு 16 பிட் மோனோ, 8 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒருமுறை வெள்ளவத்தையில் என் அறையிலேயே பதிவு செய்தேன். கரையோர ரயில் போன சத்தம் அந்த நிறுவனத்தின் வரவேற்பில் பல மாதம் ஓடியது. யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு கதை.

வெளியில் இருக்கும் முதலாளியின் கைத்தொலைபேசிக்கும் கோல் போகவேண்டுமா? ஒருவரைத் தேடி மற்ற நம்பர்களிலும் மணி அடிக்கும் ஃபொலோ மீ பட்டியலில் வெளி நம்பரை எழுதி முடிவில் # போடவேண்டும். கூடவே, எடுப்பவர் 1 அமர்த்தினால்தான் இணை என்ற தெரிவையும் போடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய கைத்தொலைபேசி அணைந்திருக்கும்போது வாய்ஸ் மெயில் கோலை எடுத்துக்கொள்ளும். சேர்வரும் ஆள் எடுத்துவிட்டார் என்று நம்பி மற்றப் போன்களின் மணியை நிறுத்திவிடும்.

படி 7: பூட்டு

நான் போடாத, பிறகு திருத்தப் போன ஓர் அமைப்பு. எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201. சிப் கோல்கள் வரும் வாசலான 5060 துறை (போர்ட்) உலகம் முழுவதற்கும் திறந்திருந்தது. போயாவோடு சனி ஞாயிறு சேர்ந்த மூன்று நாள் விடுமுறையில் யாரோ உள்ளே வந்து, பெயர் கேள்விப்படாத நாடுகளுக்கு இரவு பகலாகக் கோல் எடுத்திருந்தார்கள். பில் கடைக்காரருக்கு. இந்தத் திருடர்கள் பேச விரும்பி எடுப்பதில்லை. நிமிடத்துக்கு அதிகம் காசு அறவிடும் நம்பர்களுக்கு எடுத்து அந்தக் காசில் பங்கு வாங்குகிறார்கள். அதனால்தான் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறார்கள்.

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான, வெவ்வேறு பாஸ்வேர்ட். 5060 உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறந்திருக்கட்டும். வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் வி.பி.என். என்ற பூட்டிய இணையப் பாதை வழியே வரட்டும். பிழையான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுபவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடவேண்டும். வெளிநாட்டு ரூட்டுக்கு ஒரு ரகசிய இலக்கம் வையுங்கள். அந்த ரூட்டிலும் புள்ளி வைத்து உலகத்தைத் திறக்காமல், கடை உண்மையில் பேசும் நாடுகளை மட்டும் எழுதுங்கள்: 0091, 0086, 0044, 00971 என்று. அலுவலகம் வெளிநாடு பேசுவதே இல்லை என்றால் நிறுவனத்திடம் சொல்லி அங்கேயே மூடிவிடலாம், அது இன்னும் நல்லது.

பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. அமைப்பு ஓடத் தொடங்கியதும் யாராவது வந்து, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் கோல்களை உங்கள் லைனால் உள்ளூரில் இறக்கித் தாருங்கள், காசு தருகிறோம் என்பார்கள். 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது குற்றம். கதவைச் சாத்துங்கள்.

படி 8: சோதனை

*43 அடித்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும். போனுக்கும் சேர்வருக்கும் நடுவே குரல் போய் வருகிறது என்று அர்த்தம். 7777 அடித்தால் வெளியிலிருந்து ஒரு கோல் வந்தது போல நடிக்கும். வரவேற்புக் குரலையும் நேர விதியையும் அதிலேயே பார்க்கலாம். பிறகு தாளை எடுத்து ஒவ்வொரு வரியையும் உண்மையிலேயே அடித்துப் பாருங்கள், 9 போட்டும் போடாமலும்.

119-ஐ மட்டும் விளையாட்டுக்கு அடிக்காதீர்கள். குறு நம்பர் போகிறதா என்று 1919-க்கு எடுத்துப் பார்க்கலாம், அது அரசாங்கத் தகவல் நிலையம். அவசர நம்பர்களும் அதே ட்ரங்கால் போகும் என்பதற்கு நிறுவனம் எழுத்தில் தந்த பதில் கையில் இருக்கவேண்டும்.

கோல் போகவில்லையென்றால் லொக்கில் வரும் எண்ணைப் பாருங்கள். 404 என்றால் நம்பரின் வடிவம் பிழையாக இருக்கும். 403 என்றால் பெரும்பாலும் நீங்கள் காட்டும் அழைப்பவர் நம்பர் உங்களுடையது அல்ல என்று நிறுவனம் மறுக்கிறது. 488 கொடெக் பொருத்தமின்மை. 503 வந்தால் பிழை அந்தப் பக்கம் அல்லது உங்கள் கோல் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. 486 வந்தால் ஒன்றும் செய்யவேண்டாம், அவர் வேறு கோலில் இருக்கிறார்.

எல்லாம் ஓடியபின் அந்தத் தாளைச் சுத்தமாக இன்னொருமுறை எழுதி, திகதி போட்டு, சேர்வர் இருக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். புறக்கோட்டைக் கடையில் ஒட்டிய தாளில் கணக்காளர் ஐயா தன் பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "9 அடித்தாலும் போகும்."